சிலிக்கா ஓட்டின் வரிகள்: நன்னீர் டயட்டம்களை இனங்கண்ட வரலாறு

ஆற்றில் இறங்கி ஒரு கல்லின்மேல் கால் வைத்தால் வழுக்குகிறது. கல்லைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று தெரியும். ‘பாசி பிடித்த கல்’ என்று சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். அப்படலத்தில் ஒரு விரல்நுனி அளவை எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், அது ஆயிரக்கணக்கான தனித்தனி உயிர்களாகப் பிரிந்து நிற்கும். சில படகு போன்றிருக்கும். சில வில் போல வளைந்திருக்கும். சில ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுத்துக் கதாயுதம் போலத் தோன்றும். சில வட்டத் தட்டுகளாக இருக்கும். இவையே டயட்டம்கள். ஒற்றைச் செல்லால் ஆன இப்பாசிகள் ஒவ்வொன்றும் சிலிக்காவால் ஆன கூட்டுக்குள் வாழ்கின்றன. பெட்டியும் அதன் மூடியும் ஒன்றில் ஒன்று பொருந்துவதுபோல, அக்கூட்டின் இரு ஓடுகளும் ஒன்றில் ஒன்று பொருந்தியிருக்கின்றன.

இவற்றுள் ஒன்றைப் பார்த்து ‘இது இன்னது’ என்று எவ்வாறு சொல்கிறோம்? எந்த அடையாளத்தை நம்பிச் சொல்கிறோம்? அவ்வடையாளத்தை நம்பலாம் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? இவ்வினாக்கள் ஆய்வுக்கூடத்தாருக்கு மட்டுமே உரியவை என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஆற்றின் நீர் கெட்டுவிட்டதா, எப்போது கெட்டது, எதனால் கெட்டது என்னும் வழக்குகளில் இவ்வுயிர்களின் பெயர்களே சான்றாக நிற்கின்றன. பெயர் தவறினால் சான்றும் தவறிவிடும். ஆகவே, இப்பெயர்கள் உருவான முந்நூறு ஆண்டு வரலாற்றை நாம் அறிந்திருப்பது நன்று.

குளத்து வேரில் கண்ட சதுரங்கள்

1703ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைச் சேர்ந்த ஒருவர் இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தபோது அவருடைய பெயர் அச்சிடப்படவில்லை. நீர்வாழ் சிறு செடிகளைப் பற்றி லேவன்ஹூக் எழுதியிருந்ததைப் படித்த அவர், தாமும் குளத்துப் பாசிச்செடியின் வேர்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். வேர்களில் நீள்சதுரங்களும் சதுரங்களும் ஒன்றோடொன்று மூலைகளில் ஒட்டிக் கிளைபோல் நீண்டிருப்பதைக் கண்டார். அவர் கண்டது இன்று நாம் டாபெல்லேரியா என்றழைக்கும் டயட்டம் என்பது பின்வந்தோர் கருத்து. டயட்டம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க ஓர் உயிரைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் இது முதன்மையானது.

பெயர் தெரியாத அம்மனிதர் தாம் கண்டதை உள்ளவாறே விவரித்தார். எளிய படமும் வரைந்தார். அதனால்தான் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் கண்டது எது என்று நம்மால் கூற முடிகிறது. இதே டாபெல்லேரியாவை இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் சந்திப்போம்.

பெயரிடும் வேலை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரெடெரிக் முல்லர் இவற்றுள் சிலவற்றை நுண்விலங்குகளின் வரிசையில் சேர்த்தார். 1805இல் டி கண்டோல் ‘டயட்டோமா’ என்ற பேரினத்தை அமைத்தார். ‘குறுக்கே வெட்டப்பட்டது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சங்கிலியாக இணைந்த செல்கள் வெட்டித் துண்டாக்கியவைபோல் தோன்றியதே அதற்குக் காரணம். பின்னர் அச்சொல் இக்குலம் முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று.

சிலிக்காவும் இரு செருமானியரும்

டயட்டம்களின் ஓடு சிலிக்காவால் ஆனது என்பதை 1834இல் வெளிப்படுத்தியவர் ஃபிரீட்ரிக் டிராவ்கொட் கியூட்சிங். மருந்தகப் பணியில் பயின்ற அவர், பின்னர் செருமனியின் நோர்ட்ஹவுசன் நகரப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியரானார். 1844இல் சிலிக்கா ஓடுடைய டயட்டம்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இன்றும் நம் பட்டியல்களில் இடம்பெறும் பல சிற்றினங்களுக்குப் பெயர் சூட்டியவர் இப்பள்ளி ஆசிரியரே.

சிலிக்கா என்று அறிந்ததன் பயன் பெரிது. சிலிக்கா அமிலத்தில் கரையாது. சேற்றையும் பாசியையும் அமிலத்தில் இட்டால் உயிர்ப்பொருள் அழிந்து ஓடு மட்டும் எஞ்சும். அதன் நுண்ணிய வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். அது மட்கவும் செய்யாது. ஏரியடிச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கக்கூடியது. டயட்டம் ஆய்வின் வலிமையும் குறையும் இந்த அமிலக் குளியலிலேயே பிறந்தன. ஓடு துலங்கியது, ஆனால் உயிருள்ள செல்லின் உள்ளடையாளங்கள் கழுவப்பட்டுப் போயின. இக்குறை எவ்வளவு பெரிதென்று பின்னர் காண்போம்.

கியூட்சிங்கின் காலத்தவரான கிறிஸ்டியன் கொட்ஃபிரீட் எரென்பர்க் 1838இல் நுண்ணுயிர்களைப் பற்றி மாபெரும் நூல் ஒன்றை வெளியிட்டார். டயட்டம்களை விலங்குகள் என்றே அவர் கருதினார். அவற்றின் உள்ளே பல வயிறுகள் இருப்பதாகவும் நம்பினார். அக்கொள்கை நிலைக்கவில்லை. ஆனால் உலகின் பல மூலைகளிலிருந்து தமக்கு வந்த மண்ணையும் தூசியையும் சேற்றையும் மைக்காத் தகடுகளில் ஒட்டி, குறிப்பெழுதி, படம் வரைந்து அவர் காத்துவைத்தார். ஏறத்தாழ நாற்பதாயிரம் தயாரிப்புகள் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அவருடைய கொள்கை மறைந்தபின்னும் அவர் காத்த பொருள் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது.

டார்வின் அனுப்பிய தூசி

பெயர்ப்பட்டியல் ஒன்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. 1832 சனவரியில் பீகிள் கப்பல் வெர்டே முனைத் தீவுகளை நெருங்கியபோது, கொடிமரத்தின் உச்சியில் இருந்த வலைத்துணியில் பழுப்பு நிறத் தூசி படிந்திருப்பதைச் சார்லஸ் டார்வின் கண்டார். அதைச் சேகரித்தார், பின்னர் அது எரென்பர்க்கிடம் சென்றது. வந்து சேர்ந்த தூசி மாதிரிகளில் எரென்பர்க் அறுபத்தேழு உயிர்வடிவங்களைப் பிரித்தறிந்தார். அவற்றுள் நுண்ணுயிர்கள், கடலுக்குரிய இரண்டைத் தவிர, அனைத்தும் நன்னீரில் வாழ்பவை.

அத்தூசி எங்கிருந்து வந்தது? காற்று வீசிய திசையையும் பருவத்தையும் கொண்டு, அது ஆப்பிரிக்காவிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று டார்வின் முடிவு செய்தார். எரென்பர்க்கின் பட்டியலோ வேறு கதை சொன்னது. ஆப்பிரிக்காவுக்கே உரியவை என்று அவர் அறிந்திருந்த இனங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அதுவரை தென்னமெரிக்காவில் மட்டுமே வாழ்வதாக அவர் அறிந்திருந்த இரண்டு இருந்தன. இது மிகவும் விந்தையான செய்தி என்று டார்வின் குறித்து வைத்தார்.

இன்று அவ்விந்தை விளங்குகிறது. சகாராவின் தென்பகுதியில், சாட் நாட்டில், போடேலே என்ற பள்ளம் உள்ளது. ஒரு காலத்தில் பேரேரியாய் இருந்து வற்றிப்போன அந்நிலத்தின் தரையெங்கும் நன்னீர் டயட்டம்களின் ஓடுகள் கிடக்கின்றன; காற்று அவற்றை அள்ளிச் செல்கிறது. எரென்பர்க் ஓடுகளைக் கவனமின்றிப் பார்த்தவரல்லர். அவர் காலத்தில் ஆப்பிரிக்க உள்நாட்டு நீர்நிலைகள் ஆராயப்படவே இல்லை. ஓர் இடத்து உயிர்கள் ஆராயப்படாதபோது, அங்கிருந்து வந்தவை வேறிடத்தவைபோல் தோன்றும். இப்பாடத்தை நம் ஆறுகளைப் பற்றிப் பேசும்போது மறக்கலாகாது.

வரிகளை எண்ணிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடையாளம் காணும் முறை மாறியது. வெளிவடிவம் மட்டும் போதாது என்று ஆய்வாளர் உணர்ந்தனர். ஓட்டின்மேல் குறுக்காக ஓடும் நுண்கோடுகளை இங்கே ‘வரிகள்’ என்கிறோம். ஒவ்வொரு வரியும் உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த நுண்துளைகளின் வரிசையாகும். வில்லியம் ஸ்மித் என்னும் பாதிரியார் 1853லும் 1856லும் இரு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டிஷ் டயட்டம் நூலில், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பகுதியில் எத்தனை வரிகள் அடங்குகின்றன என்ற கணக்கு இடம்பெற்றது. இன்று பத்து மைக்ரோமீட்டரில் எத்தனை என்று எண்ணுகிறோம். அலகு மாறியிருந்தாலும் முறை அதுவே. ‘நெருக்கமான வரிகள்’ என்ற சொல் ஆளுக்காள் வேறுபடும். ‘பத்து மைக்ரோமீட்டரில் பன்னிரண்டு’ என்பதை எவரும் சரிபார்க்கலாம்.

சரிபார்க்க நல்ல கருவி வேண்டும். இதில் டயட்டமும் நுண்ணோக்கியும் ஒன்றையொன்று வளர்த்தன. ஆம்ஃபிப்ளூரா பெல்லூசிடா என்னும் நன்னீர் டயட்டத்தின் வரிகள் பத்து மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ நாற்பது. இரு வரிகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஒரு மைக்ரோமீட்டரில் கால்பங்கு. வில்லை செய்வோர் தம் கருவியின் திறனைக் காட்ட இதைச் சோதனைப் பொருளாகக் கொண்டனர். வரிகள் தெரிகின்றனவா, தெரிந்தால் எத்தனை என்று பல்லாண்டுகள் வாதிட்டனர். எர்ன்ஸ்ட் ஆபே 1873இல் வெளியிட்ட கொள்கை அவ்வாதத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. ஒளியின் அலைநீளமும் வில்லை ஒளியை வாங்கும் கோணமும் எவ்வளவு நுண்ணியதைக் காண முடியும் என்பதை முடிவு செய்கின்றன. சிறந்த ஒளி நுண்ணோக்கிக்கும் அந்த எல்லை மைக்ரோமீட்டரில் ஐந்திலொரு பங்கு அளவே. ஆகவே, ‘வரிகள் இல்லை’ என்று பழைய நூலொன்று கூறுமானால், ‘அன்றைய வில்லைக்குத் தெரியவில்லை’ என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு.

பிளவும் சமச்சீரும்

எந்த அடையாளம் முதன்மையானது என்ற வினாவுக்குத் தெளிவான விடையொன்றை 1872இல் முன்வைத்தவர் அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் ஹாமில்டன் ஸ்மித். பல டயட்டம்களின் ஓட்டில் நீளவாக்கில் மெல்லிய கீற்று ஒன்று இருக்கிறது. இலத்தீன மரபில் ரேஃபே எனப்படும் அதை நாம் ‘பிளவு’ என்போம். பிளவு உள்ளவை, பிளவுபோல் தோன்றும் வெற்றுக்கோடு மட்டும் உள்ளவை, அது புலப்படாதவை என்று அவர் டயட்டம்களை மூவகையாக்கினார். பிளவு வெறும் அலங்காரமன்று. அதன் வழியே கசியும் பசைப்பொருளைக் கொண்டே டயட்டம் பரப்பின்மேல் நகர்கிறது. அது உயிரின் வாழ்க்கையோடு தொடர்புடையது என்பதால் அவ்வடையாளத்துக்கு வலிமை மிகுதி. 1896இல் ஷூட் என்னும் செருமானியர், ஒரு மையத்தைச் சுற்றி அமைந்தவை, நீள அச்சின் இருபுறமும் இறகுபோல் அமைந்தவை என்று இருபெரும் பிரிவுகளை வகுத்தார்.

இவ்விரு அளவுகோல்களையும் கைக்கொண்டால் நன்னீரில் காணும் பேரினங்கள் பலவற்றைப் பிரித்தறியலாம். நாவிக்குலாவின் பெயருக்கே சிறுபடகு என்று பொருள். அதன் இருபுறமும் ஒத்திருக்கும், பிளவு நடுவில் ஓடும். பின்னுலேரியாவும் அவ்வடிவினதே, ஆனால் அதன் வரிகள் விரலால் அழுத்தியவைபோல் அகன்றிருக்கும். கோம்போனீமாவில் இரு முனைகளும் ஒத்திரா. பல இனங்களில் நடுவெளியருகே தனிப்புள்ளி ஒன்று காணப்படும். சிம்பெல்லாவின் முதுகு வளைந்தும் வயிறு தட்டையாகவும் இருக்கும். யூனோஷியா வில்போல் வளைந்தது. அதன் பிளவு முனைகளில் மட்டும் சிறு கீற்றாக நிற்கும். நிட்ஸ்கியாவின் பிளவு ஓரத்து மேட்டில் ஏறியிருக்கும். அதைத் தாங்கும் சிறு பாலங்கள் வரிசையான புள்ளிகளாகத் தெரியும். சைக்ளோடெல்லா வட்டமானது, அதன் ஓரவளையத்தின் கோலம் ஒன்று, நடுவட்டத்தின் கோலம் மற்றொன்று.

அளவு என்னும் பொறி

புதிதாகக் கற்போர் முதலில் நம்புவது அளவையும் வெளிவடிவத்தையுமே. அவையே அதிகம் ஏமாற்றுபவை. இதை 1869இல் மெக்டொனால்டும் 1871இல் ஏர்ன்ஸ்ட் ஃபிட்சரும் விளக்கினர். டயட்டம் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு சேயும் தாயின் ஓட்டில் ஒன்றைப் பெறுகிறது. மற்றோர் ஓட்டைத் தானே அதன் உட்புறமாக ஆக்கிக்கொள்கிறது. பெட்டிக்குள் அடங்கும் பெட்டி சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? எனவே தலைமுறைதோறும் கூட்டத்தின் சராசரி அளவு குறைகிறது. நீளம் குறையும் அளவுக்கு அகலம் குறைவதில்லை. நீண்டு கூர்ந்த முனைகளோடு தொடங்கிய இனம் குட்டையான முட்டைவடிவில் முடியலாம். அதே காலத்தில் வரிகளின் நெருக்கம் பெரும்பாலும் மாறாதிருக்கும். பழைய நூல்களில் ஒரே இனத்தின் பெரியதும் சிறியதும் இருவேறு பெயர்களைப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். தனி ஓட்டைப் பார்த்து முடிவு செய்யாமல், பெரியது முதல் சிறியது வரை வரிசையாக அடுக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்ற நெறி இதிலிருந்து பிறந்தது.

சிறுத்துக்கொண்டே போகும் இனம் மீண்டும் பெரிதாவது ஆக்ஸோஸ்போர் என்னும் நிலையின் வழியாக. சிலிக்கா ஓட்டைக் கழற்றிவிட்டுச் செல் உப்பிப் பெருத்து, புதிய பேரோட்டை ஆக்கிக்கொள்கிறது. வட்டவடிவ டயட்டம்களில் இது பாலினப் பெருக்கத்தோடு எவ்வாறு தொடர்புடையது என்பது நெடுநாள் தீராத வினாவாக இருந்தது. இவ்வினாவில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வளர்த்த எம். ஓ. பி. ஐயங்காரும் ஆர். சுப்ரமணியனும் சைக்ளோடெல்லா மெனெகினியானா என்ற இனத்தை எடுத்து, அதன் குன்றல் பிரிவையும் ஆக்ஸோஸ்போர் உருவாக்கத்தையும் ஆராய்ந்து 1942லும் 1944லும் எழுதினர். நோர்ட்ஹவுசன் ஆசிரியர் கியூட்சிங் 1844இல் பெயரிட்ட இனம் அது. அதற்குச் சற்று முன்பு, 1939இல், ஜி. வெங்கட்ராமன் தென்னிந்திய டயட்டம்கள் சிலவற்றைப் பற்றி இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் முறைப்படி விவரித்திருந்தார்.

சுந்தாத் தீவுகளும் மலாயாவும்

நம் வட்டாரத்து நன்னீர் டயட்டம்கள் பெரிய அளவில் ஆராயப்பட்டதும் ஒரு பள்ளி ஆசிரியரால்தான். பிரேமன் நகரில் ஆசிரியராக இருந்த ஃபிரீட்ரிக் ஹூஸ்டெட் 1930இல் மத்திய ஐரோப்பாவின் நன்னீர் டயட்டம்களுக்கு ஒரு கைநூல் எழுதினார். உலகெங்கும் டயட்டம் ஆய்வாளர் மேசையில் அது இடம்பெற்றது. 1928 முதல் 1929 வரை அவுகுஸ்ட் தீனமன் முதலியோர் சாவா, சுமத்திரா, பாலித் தீவுகளின் ஏரிகளையும் ஊற்றுகளையும் ஓடைகளையும் ஆராய்ந்த செருமானியப் பயணத்தின் மாதிரிகள் ஹூஸ்டெட்டிடம் வந்தன. 1937 முதல் 1939 வரை அவர் வெளியிட்ட ஆய்வு இனங்களை விவரித்ததோடு நிற்கவில்லை. எந்த இனம் எத்தகைய நீரில் வாழ்கிறது என்பதையும் காட்டியது. அமிலநீரை விரும்புவது, காரநீரை விரும்புவது என்று டயட்டம்களை வகைப்படுத்திய அவருடைய முறை பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று. அவருடைய கண்ணாடித் தகடுகள் இன்று பிரேமர்ஹாஃபனில் பாதுகாக்கப்படுகின்றன.

மலாயாவுக்கென்று தனி நூல் 1962இல் வந்தது. மலாக்காவின் பத்து பெரண்டாமில் இயங்கிய வெப்பமண்டல மீன்வளர்ப்பு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜி. ஏ. பிரௌஸ், மலாயா நன்னீரின் டயட்டம்களைப் பற்றி விரிவாக எழுதினார். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இதழ் அதை வெளியிட்டது. மீன்வளர்ப்பு நிலையத்தார் டயட்டம்களை ஆராய்வானேன் என்று மாணவர் கேட்கக்கூடும். குளத்து மீனின் உணவுச் சங்கிலி நுண்பாசியிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே மீனை வளர்ப்பவர் பாசியையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு பெயர் ஐந்தான கதை

1960களில் வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுக்கூடங்களுக்கு வந்தது. ஒளி நுண்ணோக்கியில் புள்ளியாகத் தெரிந்தது துளையாக, துளையை மூடிய சல்லடையாக விரிந்தது. ஒன்றாய் இருந்த பேரினங்கள் பலவாகப் பிரிந்தன. எனினும் பெரிய திருப்பம் கூரிய கருவியால் மட்டும் வரவில்லை. உயிருள்ள செல்லை மீண்டும் பார்த்ததாலும் வந்தது.

1844இல் கியூட்சிங் நாவிக்குலா பூபுலா என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். 1902இல் மெரஷ்கோவ்ஸ்கி என்ற உருசிய ஆய்வாளர், பசுங்கணிகத்தின் அமைப்பை அடையாளமாகக் கொண்டு செல்லஃபோரா என்னும் தனிப்பேரினத்தை அமைத்தார். அமிலத்தில் கழுவிய ஓட்டையே நம்பியோர் அதைப் பொருட்படுத்தவில்லை. எண்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், 1989இல், எடின்பரோ தாவரவியல் தோட்டத்தின் டேவிட் மான் அப்பேரினத்தை மீட்டெடுத்தார். அவர் அங்கேயே நிற்கவில்லை. அந்நகரின் பிளாக்ஃபோர்டு குளத்தில் செல்லஃபோரா பூபுலா என்ற ஒரே பெயரின்கீழ் வடிவில் சிறிது சிறிது வேறுபட்ட கூட்டங்கள் அருகருகே வாழ்வதைக் கண்டார். அவை ஒரே இனத்தின் மாறுபாடுகளா, வெவ்வேறு இனங்களா? அவரும் உடனாய்வாளரும் ஓடுகளின் வடிவத்தை அளந்தனர். எவை எவற்றோடு இணைகின்றன என்றும் சோதித்தனர். 2004இல் அக்கூட்டங்களிலிருந்து ஐந்து புதிய இனங்கள் பெயர் பெற்றன. முன்னர் ‘சிறு மாறுபாடு’ என்று தள்ளப்பட்டதே இன எல்லையாக இருந்தது.

பெயரே சான்றான வழக்கு

இவ்வளவு நுட்பம் தேவைதானா? 1980களில் எழுந்த ஒரு வழக்கு விடை தரும். ஐரோப்பாவின் வடபகுதி ஏரிகள் அமிலமாகி மீன்கள் மறைந்தன. அனல் மின்நிலையப் புகையால் விளைந்த அமிலமழையே காரணம் என்றனர் ஒரு சாரார். நிலப்பயன்பாட்டு மாற்றமும் ஊசியிலைக் காடு வளர்ப்பும் காரணம் என்றனர் மற்றொரு சாரார். பழைய நாளில் அந்நீரின் அமிலநிலையை எவரும் அளந்து வைத்திருக்கவில்லை. ஆனால் ஏரியடிச் சேறு அடுக்கடுக்காக டயட்டம் ஓடுகளைக் காத்து வைத்திருந்தது.

இலண்டனைச் சேர்ந்த ஃபிளவரும் பேட்டர்பியும் இசுக்கொட்லாந்தின் காலவே பகுதி ஏரிகளின் சேற்றை எடுத்து, அடுக்குகளின் காலத்தைக் கணித்து, ஓடுகளை எண்ணி 1983இல் முடிவை வெளியிட்டனர். காடு வளர்க்கப்படாத ரவுண்ட் லோக் ஏரியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே அமிலம் கூடிவந்திருந்தது. அதன் அமிலக்காரச் சுட்டெண் ஏறத்தாழ 5.5இலிருந்து 4.7 அளவுக்கு இறங்கியிருந்தது. காட்டின்மேல் பழிபோட இடமில்லை.

அந்த மாற்றத்தைக் காட்டிய சாட்சிகளுள் ஒன்று டாபெல்லேரியா குவாட்ரிசெப்டேட்டா. 1703இல் பெயர் தெரியாத மனிதர் வேரில் கண்ட அதே பேரினத்தைச் சேர்ந்தது இது. நான்கு உட்தடுப்புகளைப் பெயரிலேயே சுட்டும் இவ்வினம் மிகுந்த அமிலநீரில் பெருகும். இதனோடு உறவுடைய டாபெல்லேரியா ஃபிளோக்குலோசா அந்த அளவு அமிலத்தை வேண்டுவதில்லை. குவாட்ரிசெப்டேட்டாவைத் தனியினமாக நட்சன் என்ற ஆய்வாளர் விவரித்தது 1952இல்தான். அவ்வேலை நிகழாதிருந்தால் சேற்றைப் பார்த்தோர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருப்பர். சேறு வைத்திருந்த சான்றில் ஒரு பகுதி மங்கிப்போயிருக்கும். எவருக்கும் உடனடிப் பயன் தெரியாத ஒரு நுண்வேறுபாடு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் நாடுகளுக்கிடையே நடந்த வாதத்தில் சான்றாக நின்றது.

ஆறுகளிலும் இதே முறை வேர்விட்டது. அமெரிக்காவில் ரூத் பாட்ரிக் 1948இல் கோனெஸ்டோகா ஆற்றுப் படுகையை ஆராய்ந்து, எத்தனை இனங்கள் எந்த விகிதத்தில் வாழ்கின்றன என்பதே ஆற்றின் நலத்தைக் காட்டும் என்று நிறுவினார். மலேசியாவில் பினாங்கு ஆற்றுப் படுகையின் மாசைக் கல்லிலும் பிற பரப்பிலும் ஒட்டிய டயட்டம்களைக் கொண்டு மதிப்பிட்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது.

நம் ஆற்றுக்கு யாருடைய பெயர்?

இங்கே டார்வினின் தூசி நினைவுக்கு வரவேண்டும். வெப்பமண்டல ஆற்றின் மாதிரியை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு ஐரோப்பியக் கைநூலைத் திறப்போர்க்கு ஓர் ஆசை எழும். நூலில் உள்ள படங்களுள் எது அருகில் வருகிறதோ அதன் பெயரை இட்டுவிடலாம் என்பதே அது. வரிகளின் எண்ணிக்கை சற்றுக் கூடுதல்; முனை சற்று வேறு; ஆயினும் ‘அதுவேதான்’ என்று எழுதிவிடுகிறோம். பெயரோடு சேர்ந்து, ஐரோப்பிய நீரில் அவ்வினம் காட்டும் குணமும் நம் பட்டியலுக்குள் நுழைந்துவிடுகிறது. ஒரு குளத்தில் ஒரு பெயர் ஐந்தாகப் பிரிந்ததென்றால், கண்டங்கள் கடந்து வழங்கும் பெயருக்குள் எத்தனை இனங்கள் ஒளிந்திருக்கும்? இரவல் பெயரால் நம் ஆற்றைத் தூயதென்றோ கெட்டதென்றோ தீர்ப்புச் சொன்னால், அத்தீர்ப்பும் இரவல் தீர்ப்பே.

இதற்கு மாற்று, ஐரோப்பிய நூல்களை ஒதுக்குவதன்று. ஹூஸ்டெட்டின் சுந்தா ஆய்வையும் பிரௌசின் மலாயா நூலையும் அவற்றோடு சேர்த்துத் திறந்துவைப்பதே முதல் கடமை. பொருந்தாதபோது ‘பொருந்தவில்லை’ என்று எழுதி, அளவையும் வரிக்கணக்கையும் படத்தையும் பதிவு செய்வது இரண்டாவது. மாதிரியைப் பின்வருவோர் மீண்டும் பார்க்கும்படி காத்துவைப்பது மூன்றாவது. எரென்பர்க்கின் மைக்காத் தகடுகளும் ஹூஸ்டெட்டின் கண்ணாடித் தகடுகளும் நமக்குச் சொல்வது இதைத்தான்.

பள்ளியில் இதைத் தொடங்க இயலுமா? இயலும், எல்லையை அறிந்து தொடங்க வேண்டும். நானூறு மடங்கு பெருக்கும் பள்ளி நுண்ணோக்கி பேரினத்தைப் பெரும்பாலும் காட்டும். சிற்றினத்தை முடிவு செய்ய அது போதாது. அமிலத்தில் கழுவுவதும் ஒளிவிலகல் மிகுந்த பிசினில் பதிப்பதும் பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டியவை. ஆனால் கல்லின்மேல் உள்ள படலத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சிறிது நீரில் சேர்த்து, ஒரு துளியை உயிரோடு பார்ப்பதற்கு அமிலம் தேவையில்லை. படகுகள் நகர்வதைக் காணலாம். பசுங்கணிகம் ஒன்றா, இரண்டா, எந்த வடிவில் என்பதை வரையலாம். அமிலத்தை நம்பிய தலைமுறைகள் பொருட்படுத்தாதுவிட்ட அடையாளம் அது.

வரைந்த தாளின் கீழ் மாணவர் நான்கு செய்திகளை எழுதட்டும்: எந்த ஆறு, ஆற்றில் எந்த இடம், எந்த நாள், எதன்மேல் ஒட்டியிருந்தது. இனத்தின் பெயரை உறுதியாக அறியாவிட்டால் அவ்விடத்தை வெற்றாக விடட்டும். 1703இல் கடிதம் எழுதியவரும் தாம் கண்டதற்குப் பெயர் சூட்டவில்லை. அவருடைய சதுரங்களுக்கு உரிய பெயர் பின்னரே வந்தது. அது வந்து பொருந்துவதற்கு அவர் எழுதிவைத்த விவரிப்பும் படமும் காத்திருந்தன.